கடைசிச் சலாபமும் ஆறாவது செமஸ்டரும்

டிசம்பர், முதல் வாரம்

பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் விடை தேடி, அதை எழுதி ஒப்படைத்து, வாய்மொழித் தேர்வில் பதிலும் சொல்ல வேண்டிய பாடத்துக்குப் பாடத்திட்டத்தில் ஆய்வுத் திட்டம் என்று பெயர். வளாகத்தில் எல்லோரும் சொல்வது புராஜெக்ட். வழிகாட்டும் ஆசிரியர் எழுத்தில் நெறியாளர், பேச்சில் கைடு. மற்ற பாடங்களில் கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும். இதில் கேள்வியையும் மாணவரே போட வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பில் அப்படி ஒரு வாய்ப்பு இந்த ஒருமுறைதான்.

தூத்துக்குடியின் தூய மரியன்னை கல்லூரி (1948), வ.உ.சிதம்பரம் கல்லூரி (1951), காமராஜ் கல்லூரி (1966) போன்றவை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கடைசிச் செமஸ்டர் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். கிறிஸ்துமஸ், பொங்கல், உள்தேர்வுகள் எல்லாம் போக, வேலைக்குக் கையில் இருப்பது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இந்தக் குறிப்புகள் அந்த மாதங்களின் வரிசையில், இந்தக் கரைக்கே உரிய ஒரு தலைப்பை எடுத்துக்காட்டாக வைத்து நடக்கின்றன.

டிசம்பர், மூன்றாம் வாரம்

தலைப்பு. வரலாற்றுத் துறை மாணவர்கள் பெரும்பாலும் கொண்டுவரும் முதல் தலைப்பு, முத்துக்குளித்துறையின் வரலாறு. அது கொற்கையில் தொடங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்ட காயலுக்கு வரும். 1530களில் பரதவர் கிறித்தவம் தழுவியது, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தது, 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தது, 1825இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது என்று ஓடும். ஈராயிரம் ஆண்டுகளை ஐம்பது பக்கத்தில் அடைத்தால் பாடநூலின் சுருக்கம்தான் கிடைக்கும். அந்த முழு வரலாற்றை எஸ். அருணாசலம் ஆங்கிலத்தில் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1952லேயே வெளியிட்டுவிட்டது.

நெறியாளரின் முதல் வேலை இந்த இடத்தில்தான். எந்த ஆண்டு, எந்தத் தெரு, யாரைப் போய்க் கேட்பது? மூன்றையும் கேட்டால் தலைப்பு தானே ஒடுங்கும். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. பழைய வழக்கில் அதற்குச் சலாபம் என்று பெயர். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் சலாபம் இல்லை. எனவே, 'கடைசிச் சலாபத்தில் கடலில் இறங்கியவர்களின் வேலை நாள்' என்று தலைப்பை வைத்துக்கொண்டால், அதற்குக் காலம் உண்டு, இடம் உண்டு, கேட்க ஆளும் உண்டு. 1961இல் பதினெட்டு வயதில் குதித்தவர் 1943இல் பிறந்தவர்; இன்று எண்பதைத் தாண்டியவர். இந்தத் தலைப்பை இன்னும் பத்து வருடம் கழித்து எடுக்கலாம் என்று எந்த நெறியாளரும் சொல்ல முடியாது.

டிசம்பர், கடைசி வாரம்

கரையூர்களில் கிறிஸ்துமஸ். யாரையும் போய்க் கேள்வி கேட்கக் கூடாத வாரம் இது. படிப்பதற்கு நல்ல வாரம்.

கால்டுவெல் பாதிரியார் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு பற்றி எழுதிய குறிப்புகள், பேட் தொகுத்த 1917ஆம் ஆண்டு மாவட்ட கெசட்டியர், சென்னை மாகாண மீன்துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னல் 1922இல் எழுதிய முத்துக்குளிப்பு அறிக்கை. இந்த நான்கையும் கையில் பென்சிலோடு படித்தால் ஒரு விஷயம் புலப்படும். சிப்பி எவ்வளவு, ஏலம் எவ்வளவு, கடலடியின் எந்தப் பாறைத் திட்டு எந்த ஆண்டு வெறுமையாகக் கிடந்தது என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். கடலுக்குள் குதித்தவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பது கிட்டத்தட்ட இருக்காது. இளநிலை மாணவரின் ஆய்வுக்கு அந்த வெற்றிடமே போதுமான நியாயம்.

சலாபம் எல்லாக் காலத்திலும் ஆண்டுதோறும் நடந்ததில்லை என்பதையும் இந்த வாசிப்பிலேயே புரிந்துகொள்ள வேண்டும். கடலடியில் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். சிப்பிக் குஞ்சுகள் ஒரு பாரில் வந்து படிந்து, சில ஆண்டு பிழைத்து வளர்ந்தால்தான் குளிக்கலாம். நீரோட்டம் மாறினாலோ, மணல் மூடினாலோ, மீன் தின்றாலோ ஒன்றும் மிஞ்சாது. 1926 முதல் 1928 வரை குளித்தபின் அடுத்த சலாபத்துக்குக் கரை 1955 வரை காத்திருந்தது.

ஜனவரி, பொங்கலுக்கு முன்

வினாநிரல். முதல் வரைவில் நாற்பது கேள்விகளும் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை கட்டங்களும் இருக்கும். நெறியாளர் அதில் முப்பதை அடிப்பார். எண்பது வயதுக்காரரிடம் கட்டம் போட்ட தாளை நீட்டினால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். முதல் முறை கடலுக்குப் போன அன்று வீட்டில் என்ன சாப்பிட்டுப் புறப்பட்டார் என்று கேட்டால், ஒரு மணி நேரம் பேச்சு வரும். தோணியில் யார் யார் இருந்தார்கள், கயிறு யார் கையில் இருந்தது, மச்சானா மாமாவா என்பதும் கூடவே வரும்.

வாரம் ஒருநாள், குறித்த நேரத்தில், அரைமணி நேரமாவது நெறியாளரைப் பார்ப்பது இந்தப் பாடத்தின் உயிர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் வூஸ்டர் கல்லூரி 1940களின் பிற்பகுதியிலிருந்து பட்டம் வாங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி ஓர் ஆசிரியர் துணையோடு தனி ஆய்வைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. இலங்கையில் யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் நான்கு ஆண்டுச் சிறப்புக் கலைமாணிப் படிப்பிலும் இறுதியாண்டு ஆய்வேடு உண்டு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு, முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் 12 கிரெடிட் ஆய்வேடு செய்ய இடம் தருகிறது. மதிப்பெண் கூடியவருக்கே ஆய்வு என்ற அந்த வாசலைவிட, மூன்றாம் ஆண்டு மாணவர் எல்லோரையும் ஒரு கேள்வியோடு வெளியே அனுப்பும் ஏற்பாடே கரையூர்ப் பிள்ளைகளுக்கு நன்மை. 75 வாங்காத மாணவரின் தாத்தாதான் பல நேரம் கடலில் இறங்கியவராக இருப்பார்.

இந்த மாவட்டத்துக்கு நல்ல முன்மாதிரி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. நா. வானமாமலை (1917–1980) பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார். இளைஞர்கள் கட்டுரை வாசிப்பார்கள். குழு கேள்வி கேட்கும். திருத்தி எழுதியது, அவர் நடத்திய 'ஆராய்ச்சி' இதழில் வரும். அந்த வட்டத்தில் உருவானவர் ஆ. சிவசுப்பிரமணியன். வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியே உப்பு முதல் கிறித்தவமும் சாதியும் வரை இந்த வட்டாரத்தின் வாழ்க்கையை எழுதினார். பட்டமும் மதிப்பெண்ணும் இல்லாமலே அங்கே நடந்தது இதே வேலைதான்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் அக்கறையோடு வரி வரியாகப் படிப்பது.

பிப்ரவரி

கள ஆய்வு மாதம். குறிப்பேடு, இரண்டு பேனா, கைபேசியில் பதிவு, சார்ஜ் தீர்ந்தால் மாற்றுக்கு பவர் பேங்க். திரேஸ்புரத்திலும் அதை ஒட்டிய தெருக்களிலும் சங்குகுளிக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. முத்து நின்றபின்னும் சங்கு நிற்கவில்லை. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக அது இன்றும் கரையேறுகிறது. அன்று கல்லும் கயிறும் கொண்டு மூச்சடக்கிப் போனார்கள். இன்று கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை வாயில் கவ்விக்கொண்டு போகிறார்கள். எனவே தாத்தாவிடம் கேட்கும்போது பேரனும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார். அதையும் பதிய வேண்டும்.

அனுமதி முதலில். யார், எந்தக் கல்லூரி, எதற்காக, எழுதியதை யார் படிப்பார்கள் என்று சொல்லி, பதிவு செய்யலாமா என்று கேட்ட பிறகே கைபேசியை எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் கையால் எழுதிக்கொள்ளலாம். பெயர் போட வேண்டாம் என்று சொன்னவரின் பெயர் ஆய்வேட்டில் எங்கும் வரக் கூடாது, நன்றியுரையிலும் கூடாது.

ஆழத்தைக் கேட்டால் முதியவர் வாயால் சொல்வதற்கு முன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டுவார். ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை ஒரு பாகம். கயிற்றை அப்படித்தான் அளந்தார்கள். அவர் எட்டுப் பாகம் என்பார். மாணவர் மனக்கணக்குப் போட்டு 15 மீட்டர் என்று எழுதிக்கொண்டு வருவார். நெறியாளர் அந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுவார். அவர் சொன்னது எட்டுப் பாகம். ஆய்வேட்டில் அதுதான் இருக்க வேண்டும், மீட்டர் அடைப்புக்குறிக்குள் போகட்டும். அந்த விரித்த கைகளையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பாகம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் மூச்சடக்கினீர்கள் என்ற கேள்விக்கு நம்பத்தக்க பதில் கிடைக்காது. நீருக்கடியில் கடிகாரம் கிடையாது. அறுபது வருடத்தில் நிமிடங்கள் நீண்டுவிடும். ஒரு முங்கலில் எத்தனை சிப்பி பொறுக்கி வலைப்பையில் போட்டீர்கள், மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை எப்படி அசைத்தீர்கள், ஒரு நாளில் எத்தனை முங்கல் என்று கேட்டால், நினைவு கைவேலையைப் பிடித்துக்கொண்டு சரியாக வரும். இரவில் கரைக்காற்றில் புறப்பட்டு, விடியலில் பாரில் இறங்கி, பிற்பகலில் கடற்காற்றில் திரும்பினார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. அந்த ஒரு நாளை மணிவாரியாகக் கேட்டு நிரப்புவதே இந்த ஆய்வின் நடு அத்தியாயம்.

கரையில் இருந்தவர்களை விட்டுவிடுவது வழக்கமான குறை. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி முத்தெடுக்கும்போது ஊர் முழுக்க அடித்த நாற்றத்தைக் குளித்தவரைவிட அவர் மனைவி நன்றாகச் சொல்வார். கடன் யாரிடம், வட்டி என்ன, நல்ல சலாபத்தில் வாங்கிய நகை எப்போது அடகுக்குப் போனது என்பதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். மாணவிகள் அடுக்களை வரை போய்ப் பேச முடிகிறது. இந்த வகை ஆய்வில் அது பெரிய பலம். பரதவரோடு கீழக்கரை முஸ்லிம்களும் இந்தக் கடலில் முத்துக்குளித்தவர்கள். ஒரே தெருவில் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு அதைக் கரையின் குரல் என்று எழுதக் கூடாது.

மார்ச், முதல் பாதி

சரிபார்ப்பு. கேட்டதை எழுத்துச் சான்றோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பழைய வெளியீடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே பார்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். தோலாயிரம் பார் என்று படிக்கத்தக்கதாக ஒரு பெயர் அடிக்கடி வரும். அது தோலாயிரமா, தொள்ளாயிரமா? ஆங்கில எழுத்து அதைச் சொல்லாது. கடலுக்குப் போனவர் வாயில் எப்படி வருகிறது என்பதைப் பதிவில் மறுபடி போட்டுக் கேட்டு, எத்தனை பேர் எப்படிச் சொன்னார்கள் என்று எழுதினால், அறிவியல் கட்டுரைகள் விட்டுப்போன ஒன்றை ஓர் இளநிலை மாணவர் நிரப்பியதாகும்.

1973இல் அந்த நிறுவனத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். முத்துக்குளித்தவர்கள் அதை அன்று எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி பல வினாநிரல்களில் விட்டுப்போகும். மார்ச்சில் நினைவுக்கு வந்தாலும் காலம் கடந்துவிடவில்லை; இன்னொரு மாலை போய்க் கேட்டு வரலாம்.

மார்ச், இரண்டாம் பாதி

எழுத்து. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத ஆறு மணி நேரமாவது பிடிக்கும். இதைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் இந்த வாரத்தில் தவிப்பார்கள். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும்போது சொல் போய்விடுகிறது. எனவே மேற்கோள்கள் பேசியபடியே இருக்க வேண்டும், விளக்கம் மாணவரின் நடையில் இருக்கலாம். முன்னுரையைக் கடைசியில் எழுதுவது நல்லது.

இந்த மாதத்தில் டி.டி.பி. கடைகளில் பழைய ஆய்வேடுகளின் கோப்பு கைமாறுகிறது. தலைப்பையும் பெயரையும் மாற்றினால் போதும் என்ற பேச்சும் கூடவே வரும். அப்படிச் செய்தவர் இழப்பது மதிப்பெண்ணை மட்டும் இல்லை. முதியவர் ஒருவர் தம் இளமையைச் சொல்லியிருக்கக் கூடிய ஒரு பிற்பகலும் போய்விடுகிறது. வாரந்தோறும் வரைவைப் படிக்கும் நெறியாளரிடம் இது நடப்பது அரிது, ஏனென்றால் மாணவரின் வாக்கியம் அவருக்குத் தெரியும்.

ஏப்ரல்

ஸ்பைரல் பைண்டிங்கோ கெட்டி அட்டையோ, துறை கேட்டபடி. சான்றிதழ்ப் பக்கத்தில் நெறியாளர், துறைத்தலைவர் கையெழுத்து. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்வி: எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்து பேசினீர்கள்? நேரில் போனவருக்கு இதற்கு ஒத்திகை தேவையில்லை. ஏழு பேரின் பேச்சை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. இவ்வளவுதான் சொல்லலாம், இதற்கு மேல் கூடாது என்று எல்லையைக் காட்டத் தெரிந்தால் போதும்.

தேர்வு முடிந்தபின் பிரதிகள் பிரிகின்றன. ஒன்று துறைக்கு, ஒன்று நெறியாளருக்கு, ஒன்று மாணவருக்கு. நான்காவது ஒன்றை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் போக வேண்டும். பேசியவருக்குக் கண் தெரியாவிட்டால், பேரன் அவர் பேசிய பக்கத்தை வாசித்துக் காட்டுவார். பாகம் என்ற சொல் வரும் இடத்தில் கைகள் மறுபடி விரியும். ஒலிப்பதிவுகளுக்குத் தேதி, இடம், தலைப்பு எழுதி, பேசியவர்களின் அனுமதியோடு துறை நூலகத்தில் வைத்தால், அடுத்த டிசம்பரில் தலைப்பு தேடி வரும் மாணவர் அதிலிருந்து தொடங்கலாம்.