கீரமங்கலத்தில் ஒரு மான் கதை

பொழுது விடிவதற்கு முன்பே கீரமங்கலத்துக் கடைவீதி மணக்க ஆரம்பித்துவிடுகிறது. மல்லிகை, முல்லை, காக்கரட்டான் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. "ஒரு முழம் என்ன விலை?" என்று நான் கேட்டதும் வியாபாரி சிரித்துவிட்டார். "முழக் கணக்கெல்லாம் பட்டணத்தோட சரிங்க. இங்கே கிலோதான்!"

2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஆனாலும் மண் சளைக்கவில்லை.

மத்தியானம் பக்கத்துக் குளமங்கலத்துக்குப் போனேன். ஐயனார் கோயில் வாசலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது ஒரு குதிரை. மாசி மகத்தன்று அதற்குச் சாத்துவது காகிதப் பூமாலைகள். இத்தனை பூ விளைகிற ஊருக்கருகில் காகிதப் பூவா என்று எனக்கு ஆச்சரியம்! ராத்திரியில் ஐயனார் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காப்பதாக நம்பிக்கை.

அன்று இரவு சிநேகிதியின் வீட்டுத் திண்ணையில் வேறொரு ராக்காவலைப் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்காவில் மிச்சிகனில் வேலை பார்க்கும் அவள் தம்பி லீவில் வந்திருந்தான். கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து அப்பத்தாவிடம் நீட்டினான். நடுநிசி, சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் மான். கிளை கிளையாகக் கொம்பு. கண்கள் இரண்டும் நெருப்புத் துண்டங்கள். ஓரத்தில் தேதியும் மணியும்.

"ஆருப்பா எடுத்தது?"

"ஆரும் எடுக்கலை அப்பத்தா. பக்கத்து வீட்டுக்காரர் மரத்துல கட்டி வச்ச காமிரா. உடம்புச் சூடோட ஏதாச்சும் முன்னால அசைஞ்சா தானே படம் பிடிச்சுக்கும்."

"எதுக்கு?"

"நவம்பர் 15-ல துப்பாக்கி வேட்டை ஆரம்பிக்கும். எந்த மான், கொம்புல எத்தனை கிளை, எந்தத் தடத்துல எத்தனை மணிக்கு வருதுன்னு கோடையிலேயே பார்த்து வச்சுக்குவாங்க."

அப்பத்தா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வர்ற நேரம் பார்த்து வச்சு அடிக்கிறதா? அது களவுல சேர்த்தியில்லையா?"

லைசென்ஸ் உண்டு, இத்தனைதான் சுடலாம் என்று வரையறை உண்டு என்றெல்லாம் அவன் வாதாடினான். ஆனால் அப்பத்தாவின் கேள்வி அமெரிக்காவிலும் எழுந்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு இந்தக் காமிராவைப் பயன்படுத்தக் கூடாது.

இதன் பூர்வ கதையோ விசித்திரமானது. அதே மிச்சிகனில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற வேட்டைப் பிரியர், துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவைக் கையிலெடுத்தார். பிராணிகளின் தடத்தில் கம்பி கட்டி, அவை இடறினால் பளிச்சென்று வெளிச்சம் அடித்துப் படம் விழும்படி செய்தார். 1906-ல் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகை ஒரே இதழில் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. நம் நாட்டில் 1920-களில் சாம்பியன் என்ற வன அதிகாரி இதே தந்திரத்தால் புலிகளைப் பிடித்தார், படத்தில்தான்! சுடாமலிருக்கப் பிறந்த கருவி, பிற்பாடு சுடுகிறவர்களுக்கே துப்புச் சொல்லப் போய்விட்டது.

இந்தியாவில் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் மானைச் சுடுவது குற்றம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மரங்களில் காமிரா கட்டுவது புலிகளைக் கணக்கெடுக்கத்தான். 2018-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். புலி இருந்தவை 76,651 மட்டுமே! புதுக்கோட்டைக் காட்டுப் புள்ளிமான்களை இப்போது மிரட்டுவது துப்பாக்கியல்ல. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்து நாய்களிடம் மாட்டிக்கொள்கின்றன; சாலையில் அடிபடுகின்றன.

"ஏன் அப்பத்தா, அந்தக் காலத்துல அய்யா மட்டும் என்னவாம்?" என்று பேரன் விடவில்லை. "கம்மாய்க்கரையில குளம்படி பார்த்து, குழி வெட்டி உட்கார்ந்திருப்பாருன்னு நீதானே சொன்னே?"

அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற, பூ விலையைப் பற்றி ஏதோ கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

"சட்டம் வர்றதுக்கு முந்தி அது. அடிச்சது அவுக. ஆக்கினது நானு" என்றார் மெதுவாக. "ஒரு தடவை வயித்துல குட்டி இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் சட்டியைத் தொடலை. அவுகளும் போகலை."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்பத்தா கைப்பேசிக்காக மறுபடி கையை நீட்டினார்.

"இது இப்ப உசிரோட இருக்கா?"

"தெரியலை அப்பத்தா. அங்கே வேட்டை ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு."