பின் சக்கரம்

மோட்டார் சைக்கிளில் முன் சக்கரத்துக்குக் கிடைக்கிற மரியாதை பின் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் முன்னால்தான். ஆனால், இன்ஜினின் இழுப்பு, பாதிக்கு மேல் பாரம், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிர்... இத்தனையும் பின் சக்கரத்தின் பொறுப்பு. அது செயின் எண்ணெயையும் சேற்றையும் பூசிக்கொண்டு பேசாமல் வேலை பார்க்கும். வீட்டுக்கு வீடு இப்படி ஒருத்தர் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் 1971-ம் வருஷத்து புல்லட் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து இங்கே வந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. நம் ஊரில் நிற்கவில்லை. 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய, உருவம் மாறாத வண்டிகள் 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தக் கணக்குப்படி எங்கள் வண்டியும் இப்போது வின்டேஜ். அம்மா மட்டும் இன்னும் 'கிழவன்' என்றுதான் சொல்கிறாள்.

அப்பா போய் ஆறு வருஷம். அம்மாவுக்கு எழுபத்தைந்து. போன தை மாதம் திடீரென்று கேட்டாள், "ஒரு தடவை வடிவுடையம்மன் கோயிலுக்கு இந்த வண்டியிலேயே கூட்டிட்டுப் போறியாடா?" அப்பா இருந்தவரை திருவல்லிக்கேணியிலிருந்து திருவொற்றியூருக்கு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் அதில்தான் போவார்கள்.

அக்காவுக்கு போன் போனது. "கார் இருக்குல்ல? அந்த வயசுல இடுப்பு உடைஞ்சா யாருடா பார்க்கிறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. வண்டிதான் சொல்ல வேண்டும்.

புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, ஒரு சின்ன ஸ்பேனரால் கம்பிகளை வரிசையாகத் தட்டினார். டிங், டிங், டிங்... டொக். "இது செத்துப் போச்சு சார்." மறுபடி டிங், டிங்... டொக். நாலு கம்பி. கடற்கரைக் காற்றில் ரிம்மின் உள்பக்கமும் துரு. ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு, ரிம்மும் நாற்பது கம்பியும் புதிதாகப் போடச் சொன்னார்.

நீங்கள் நினைப்பதுபோல் கம்பிச் சக்கரத்தில் கம்பிகள் தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்குவதில்லை. அத்தனை கம்பியும் ரிம்மை நடு ஹப்பை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இழுப்பு சமமாக இருக்கும்வரைதான் வட்டம் வட்டமாக இருக்கும். ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பிக்கு வேலை கூடும். அது சீக்கிரம் களைக்கும். பாய் ஒவ்வொரு நிப்பிளையும் கால் திருகு, அரைத் திருகு என்று முடுக்கி, கோட்டம் எடுக்க முழுசாக அரை நாள் ஆனது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். "பின்னாடி உட்கார்றவங்க பிரேக் பிடிக்க முடியாது, ரோடு தெரியாது. நம்பி உட்கார்றாங்க. அவ்ளோதான் சார்."

சக்கரத்தை வீட்டுக்கு எடுத்து வந்து நானே மாட்டினேன். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேச்சுத் துணைக்கு என்றுதான் நினைத்தேன்.

ஹப்புக்கும் செயின் சக்கரத்துக்கும் நடுவே ரப்பர் கட்டைகள் வரும். இன்ஜினின் இழுப்பு முரட்டுத்தனமாகச் சக்கரத்தில் இறங்காமல் வாங்கிக்கொள்வது அவைதான். புது ரப்பர், உள்ளே போவேனா என்றது. அம்மா எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணியோடு வந்தாள். "உங்கப்பா இதைத் தடவித்தான் உள்ளே தள்ளுவார்." தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது.

டபுள் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தி, சக்கரத்தைத் தூக்கி, ஆக்ஸிலைச் செருகியாயிற்று. அடுத்து செயின். அதன் இணைப்பில் மாட்டுகிற கிளிப்பை எடுத்தேன். "மீன் முன்னால பார்த்து நீந்தணும்" என்றாள் அம்மா. அந்த கிளிப்பை உற்றுப் பாருங்கள், மீன் மாதிரியே இருக்கும். மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடுகிற திசையில் தலை இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசும்போது கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு.

சக்கரத்தின் இரண்டு பக்கமும் நத்தை ஓடு வடிவத்தில் பல் வைத்த தகடு இருக்கும். அதைத் திருப்பித்தான் செயினை இறுக்குவார்கள். இந்தப் பக்கம் எத்தனை பல்லோ, அந்தப் பக்கமும் அத்தனை. அம்மா அந்தப் பக்கம் எண்ணினாள், நான் இந்தப் பக்கம். இரண்டு டயரும் ஒரே அகலம் என்பதால், பின் டயரிலிருந்து முன் டயர் வரை நூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தோம். செயின் ஏறக்குறைய ஒரு இன்ச் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும்.

கடைசியாக பிரேக். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு நட்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டால், பிரேக் போட்ட இடத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதை முடுக்கும்போது பிரேக் அழுந்தியிருந்தால் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் சரியாக உட்காரும். அம்மா நான் சொல்லாமலே குனிந்து, பெடலைக் கையால் அழுத்திக்கொண்டாள். "ம், இறுக்கு" என்றாள்.

முப்பது வருஷம் பின்னால் உட்கார்ந்து போனவள் என்றுதான் அம்மாவைப் பற்றி எங்களுக்குத் தெரியும். வண்டி நின்ற இடங்களில் எல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. பாயின் வாக்கியத்தில் இந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பி உட்காருவதில்லை.

உடனே ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. நூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டினேன். புதுக் கம்பிகள் பழக்கத்துக்கு வரும்போது கொஞ்சம் தளரும் என்று பாய் சொல்லியிருந்தார். திரும்பக் கொண்டு போனதில் மூன்று கம்பி சுருதி இறங்கியிருந்தது, ஏற்றினார். அம்மாவின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அதனால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைப் பின் சீட்டில் கட்டி, ராயபுரம் வரை போய்த் திரும்பினேன். "அரிசி ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே?" என்றாள் அக்கா. ஆனால், பாதி சம்மதித்துவிட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, ரோடு காலியாக இருக்கும்போதே கிளம்பினோம். அம்மா தலையில் ஹெல்மெட்; இடது பக்கம் சேலை கார்டு; கையில் அம்மனுக்குப் பூ. தண்டையார்பேட்டை தாண்டும்வரை சீட்டுக் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். அப்புறம் கை என் தோளுக்கு வந்தது. பின்னாலேயே அக்கா காரில், நாலு இண்டிகேட்டரும் மினுக்க, ஏதோ மந்திரிக்குப் பாதுகாப்பு மாதிரி வந்துகொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு அம்மா தீர்ப்பு சொன்னாள், "உங்கப்பா ஓட்டினா இவ்ளோ குலுங்காது."

நீங்களும் தினம் யாரையாவது பின்னால் உட்கார வைத்துப் போகிறவராக இருக்கலாம். மனைவி, ஸ்கூல் போகிற பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற அப்பா. இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். டயரைத் தடவிப் பாருங்கள், செயினை ஆட்டிப் பாருங்கள், ஆக்ஸில் நட்டு இறுக்கமா என்று பாருங்கள். கம்பிச் சக்கரம் என்றால் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். எல்லாக் கம்பியும் ஏறக்குறைய ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். 'டொக்' என்றால் அன்றைக்கு ஆட்டோவில் போங்கள்.