பட்டை குறைத்த வண்டி

ஜனவரி 28

டாடா 207இன் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினேன். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக ஏறியிருக்கிறது. வெர்னியர் வைத்தால் உடனே தெரிகிறது: மற்றவை 7 மி.மீ., இவை 8. முன்பு வைத்திருந்தவர் செங்கல் ஓட்டியவர், அவருக்கு அது தேவை. நான் ஏற்றுவது வாழைக்கன்று, இலைக்கட்டு, வெட்டு நாளில் பூவன் தார். பெரும்பாலும் 300 கிலோவைத் தாண்டாது. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரை வழியே படுகைத் தோட்டம். எப்போதாவது துறையூர் தாண்டிப் பச்சைமலை. வண்டி போகும் பாதை இவ்வளவுதான்.

படுகைக்கு இறங்கும் பாதை 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும், முக்கொம்பில் மதகுகள் உடைந்ததும் அந்த மாதம்தான். ஊர் அதைத்தான் பேசியது. கரையோரப் பாதைகள் அரித்துப்போனதைத் தோட்டக்காரர்கள் மட்டுமே பேசினோம். இன்றும் அங்கே ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இன்னொன்று குழியில் நிற்கும்.

பிப்ரவரி 2

வெறும் வண்டியின் வலது முன் சக்கரத்தை ஓர் அடி மேட்டில் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். அதே பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது. அடியில் காகிதத்தை நுழைத்து எடுக்க முடிகிறது.

படுகையில் வண்டி மாட்டிக்கொள்வதற்கு முழு விளக்கமும் இதில் இருக்கிறது. இது பின் சக்கரம் தள்ளும் வண்டி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் எதிர்ப்பே இல்லாமல் சுழலும்போது, மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசைதான் போகிறது. எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தும் பயனில்லை.

காட்டுப்பாதை என்றதும் எல்லோரும் வண்டியை உயர்த்தச் சொல்கிறார்கள். பட்டையை உயர்த்தினால் பாடி உயரும், சேஸிஸ் உயரும். கல்லில் முதலில் இடிப்பது டிஃபரன்ஷியல் உருண்டை; அது ஆக்சிலோடு இருப்பது. அதை உயர்த்த டயர் பெரிதாக வேண்டும், வேறு வழி இல்லை. எனக்கு உயரம் வேண்டாம். நாலு சக்கரமும் மண்ணை விடாமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

அரியமங்கலம் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறை. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, "தூக்கி நிக்கணும்னா இன்னொரு பட்டை போட்டுடலாம் தம்பி" என்றார்.

"கூடுதலா இருக்குற ரெண்டையும் எடுக்கணும்ணே."

"எடுக்கவா? போடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க."

கணக்கைச் சொன்னேன். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 7 மி.மீ. பட்டையை விட 8 மி.மீ. பட்டை பார்வைக்கு ஏழில் ஒரு பங்குதான் தடிமன் கூடுதல். விறைப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே இந்த இரண்டும் மூன்று சாதாரணப் பட்டைக்குச் சமம். கேட்டுவிட்டு, "அதான் காலி வண்டி இந்தக் குதி குதிக்குது" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்தார்.

பிரித்தபோது பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அடுக்கடுக்கான பட்டை வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் மொத்தக் கட்டும் ஒரே தடித்த இரும்பாக நடந்துகொள்ளும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸை மெல்லிசாகத் தடவச் சொன்னேன். அள்ளிப் பூசினால் படுகை மணல் அதில் ஒட்டி உள்ளே அரைக்கும்.

மெயின் பட்டையின் வளைவு வலதுபக்கம் படுத்திருந்தது. தணலில் போட்டு வளைப்பது பல இடங்களில் வழக்கம். இவர் மறுத்துவிட்டார். "சூட்டுல சுலபமா வளையும், ஆறு மாசத்துல திரும்பப் படுத்துரும்." அது உண்மை. பட்டை எஃகை 850 டிகிரி அளவில் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்த வேண்டும், பிறகு 450 டிகிரி வாக்கில் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அப்போதுதான் வளைந்து மீளும் குணம் நிற்கும். வெறும் தணலில் அந்தப் பதம் அழிந்துவிடும். சூடேற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சம்மட்டியால் அடித்தே வளைவை எடுத்தார். பிற்பகல் முழுதும் ஆயிற்று. அந்தப் பொறுமைக்கு நான் கொடுத்த கூலி குறைவு என்றே நினைக்கிறேன்.

யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது. இழுபட்டு நீண்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது.

பிப்ரவரி 11

சட்டத்தையும் எழுதி வைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கின்றன. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு. நான் செய்தது வண்டியைப் பழைய அமைப்புக்குக் கொண்டுபோனது. கட்டை வைத்து உயர்த்தியிருந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி யு.ஜே. கிராஸ் தேயும். பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் அது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே எடையை அறிகிறது. உயர்த்தினால் பாரவண்டியையும் காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயிர் போகும் விஷயம்.

பிப்ரவரி 23

வண்டி மிருதுவாகிவிட்டது, ஆனால் ஒரு குழி தாண்டினால் நாலு முறை ஆடுகிறது. காரணம் தெளிவு. இதுவரை துருப்பிடித்த பட்டைகளின் உராய்வே ஆட்டத்தை அடக்கிக்கொண்டிருந்தது, ஷாக் அப்சார்பருக்கு வேலை இல்லை. பட்டை சுத்தமான பிறகு அந்த வேலை முழுதும் ஷாக்கின் தலையில். கழற்றிக் கையால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லை.

புது ஷாக் வாங்கும்முன் இரண்டு அளவு எடுத்தேன். ஆக்சில் முழுதும் தொங்கும்போது மேல்கண்ணுக்கும் கீழ்க்கண்ணுக்கும் உள்ள தூரம் ஒன்று. பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்போது உள்ள தூரம் இன்னொன்று. நீட்டிய ஷாக் முதல் அளவை விட நீளமாகவும், மடங்கிய ஷாக் இரண்டாவதை விடக் குட்டையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சிலின் முழு எடையும் ஷாக்கில் தொங்கும், அல்லது பாரத்தில் ஷாக்கே நசுங்கும். கடைகளில் வண்டிப் பெயரை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். அளவு கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு ஸ்பிரிங்குகளை, வண்டி எப்போதும் எவ்வளவு எடையோடு ஓடும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் பட்டறைகளிலும் கேட்க வேண்டும். இங்கே கேட்பது ஒன்றே: அதிகபட்சம் எத்தனை டன் ஏற்றுவீர்கள்?

மார்ச் 16

பச்சைமலை. சோபனபுரம் வழியே கன்றுகளோடு ஏறினோம். டாப்செங்காட்டுப்பட்டி தாண்டித் தார்ச்சாலையை விட்டு மரவள்ளிக் காட்டுக்குள் போகும் கல்பாதையில் முதல் கியரிலேயே, ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல், போக முடிந்தது. முன்பு இங்கே வேகம் எடுத்துத்தான் ஏறுவோம், கன்றுகள் உதிரும். இந்த முறை ஒன்றுகூட விழவில்லை.

குறையும் உண்டு. வளைவுகளில் பாடி முன்பைவிட அதிகம் சாய்கிறது. இறங்கும்போது கிழங்கு மூட்டைகளோடு வேகத்தை நன்றாகக் குறைத்தேன். தினமும் முழுப் பாரம் ஓட்டுகிறவர்கள் பட்டையைக் கழற்ற வேண்டாம்.

மார்ச் 30

யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். புதிதில் பட்டைகள் அமர்ந்ததும் அவை தளரும். ஒரு பக்கம் முக்கால் சுற்று வாங்கியது.

மே 20

காலி வண்டியில் அதே ஓர் அடி மேட்டுச் சோதனை. பின் சக்கரம் தரையில் அழுத்தமாக நிற்கிறது, காகிதம் நுழையவில்லை. படுகை மணலில் டயர் காற்றை 50 பி.எஸ்.ஐ.யிலிருந்து 28க்கு இறக்கி மெதுவாக ஓட்டினேன். வாழைத் தாரோடு கரையேறினோம், தள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை. தார்ச்சாலைக்கு முன்பே காற்றைத் திரும்ப நிரப்பினேன்.

மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. உபரி வந்து கொள்ளிடத்தில் விட்டால் படுகைப் பாதை மூடிவிடும். அதற்குள் முன்பக்க ஷேக்கிள் புஷ்களை மாற்ற வேண்டும். பாலியூரித்தேன் போடச் சொல்கிறார்கள், நீடித்து உழைக்குமாம். ரப்பரே போடப்போகிறேன்: மேடுபள்ளத்தில் பட்டை முறுகும்போது ரப்பர் கூடவே முறுகிக்கொடுக்கும்.