எட்டுப் போட்டாயிற்று, எந்த வண்டி?

மதுரை பைபாஸ் ரோட்டில் பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் போகும் வழியெல்லாம் பைக் ஷோரூம்கள். அண்ணன் மகளுக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, அதுவும் கியர் வண்டிக்கான லைசென்ஸ். டிரைவிங் ஸ்கூலின் பழைய வண்டியில், காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டித் தேறியிருக்கிறாள். மெதுவாக, வளைந்து வளைந்து ஓட்டத் தெரியுமா என்பதைத்தான் அந்த எட்டு பார்க்கிறது. குறுக்கே ஆடு வந்தால் பிரேக் பிடிப்பது, மேட்டில் நின்று கிளம்புவது, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்புவது எதையும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சப் பாடம் முழுவதையும் அவள் வாங்கப்போகிற வண்டியில்தான் படிக்க வேண்டும். அதனால் கலரையும் மைலேஜையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உட்கார்ந்து, தள்ளி, நிறுத்திப் பார்த்துத்தான் முடிவெடுப்பது என்று பேசிக்கொண்டு கிளம்பினோம்.

அவள் ஆசைப்பட்டது புல்லட் வகை வண்டிக்கு. அதனால் முதலில் ராயல் என்ஃபீல்டு. சென்னை திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய பரம்பரை அது. நம் ஊரில் அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத தலை குறைவு. கிளாசிக் 350இல் ஏறி உட்கார்ந்தாள். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். இரண்டு கால்விரல்களும் தரையைத் தொட்டன. முகமெல்லாம் சிரிப்பு.

“இறங்கி, சைடு ஸ்டாண்டை எடுத்துட்டு, பின்னால தள்ளிப் பாரு” என்றேன்.

சமதளத்தில் நகர்ந்தது. ஷோரூம் வாசல் சரிவில் முன் சக்கரம் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டது. எடை 195 கிலோ. ஓட்டத்தில் அந்த எடை தெரியாது. நெடுஞ்சாலையில் காற்றடித்தாலும் அசையாமல் போகும் வண்டி. ஆனால் முதல் வருடத்தில் வண்டியோடு அதிகம் மல்லுக்கட்டுவது நெடுஞ்சாலையில் இல்லை. வீட்டுச் சந்தில், ஆபீஸ் பார்க்கிங்கில், பெட்ரோல் பங்க் வரிசையில்தான். அதே கம்பெனியின் ஹன்டர் 350 அதைவிட இலகு, 181 கிலோ. அதையும் தள்ளிப் பார்த்தாள். சரிவில் பாதி ஏறியது. “இது ரெண்டாவது வண்டியா இருக்கட்டும் அத்தை” என்று அவளே சொன்னாள். ஆசையை இப்படி ஒத்திவைக்கத் தெரிந்த பிள்ளை ரோட்டிலும் நிதானமாக இருப்பாள் என்று எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்த ஷோரூமில் வரவேற்ற பையன் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தான். “கூட அண்ணன் யாரும் வரலியாக்கா?” வாங்குகிறவள் இவள், கூட வந்தவள் நான், எனக்கும் பைக்தான் என்றேன். அப்போதும் ஸ்கூட்டர் வரிசைக்குத்தான் நடந்தான். அவன் மேல் கோபமில்லை. அவனுக்குப் பழக்கப்பட்டது அவ்வளவுதான். இப்படிக் கையைப் பிடித்து இழுக்கும்போது தயங்கி அந்தப் பக்கம் போய்விடுகிற பெண்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. கியர் வண்டி வேண்டுமென்று வந்தால் கியர் வண்டியைத்தான் கேளுங்கள்.

சீட் உயரம் பற்றி ஒரு விஷயம். காகிதத்தில் இருக்கிற எண் பாதிதான் சொல்லும். சீட்டின் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் எட்டாமல் போகும். ஒடுக்கமாக இருந்தால் அதே உயரத்தில் பாதம் நன்றாகப் பதியும். உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். போடப்போகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் பாதம் பதிந்தது. 785 மில்லிமீட்டர், 112 கிலோ. ஒரு கையால் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். எந்தக் கிராமத்திலும் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உண்டு. ஆனால் அதில் நான்கு கியரும் முன்னால் மிதித்தே போடுவது. ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே என்ற முறையில் பழகியவள் சில நாள் தடுமாறுவாள். டிவிஎஸ் ரைடர் 125 அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது: 780 மில்லிமீட்டர், 123 கிலோ, ஓட்டத்தில் சுறுசுறுப்பு. 200 சிசி டியூக் பக்கம் போகவே விடவில்லை. 25 குதிரைத்திறனை, இன்னும் ஆக்சிலேட்டர் பழகாத மணிக்கட்டிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

எனக்கு உறுத்தியது பிரேக். 2019 ஏப்ரலில் வந்த விதியின்படி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே காம்பி பிரேக் போதும் என்று விட்டுவிட்டார்கள். காம்பி பிரேக்கில் பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். நல்லதுதான். ஆனால் பயத்தில் முழுதாக இறுக்கிவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்வது அதைத்தான், பயத்தில் இறுக்குவது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்பது உடம்புக்குப் பழக மாதங்கள் ஆகும். அதுவரை சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள ஒன்று வேண்டும்.

ஆகவே யமஹா எஃப்இசட். 149 சிசி, 12.4 குதிரைத்திறன், சீட் 790 மில்லிமீட்டர், சுமார் 136 கிலோ, முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ். ஷோரூமுக்குப் பின்னாலிருந்த ஆளில்லாத தெருவில் முதலில் நான் ஓட்டினேன். மணல் படிந்த ஓரத்தில் முன் பிரேக்கை அழுத்தியதும் லீவர் விரலுக்குள் துடித்தது. சக்கரம் உருண்டுகொண்டே நின்றது. பின் சக்கரத்துக்கு இந்தக் காவல் கிடையாது, அது வழுக்கும் என்பதையும் காட்டினேன். பிறகு அவள் ஓட்டினாள். முதல் கியரில் ஆக்சிலேட்டரே கொடுக்காமல் கிளட்சை மட்டும் விட்டு நகர்த்தினாள், இன்ஜின் அணையவில்லை. இப்படி மெல்ல இழுக்கிற இன்ஜின்தான் புதியவர்களுக்கு வேண்டும். திரும்பி வந்து, சொல்லாமலே இறங்கி, சரிவில் பின்னால் தள்ளி ஏற்றினாள். மூச்சு வாங்கியது, ஏற்றிவிட்டாள்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். முதல் வண்டி எப்படியும் ஒருமுறை சாயும், பழசில் சாயட்டும் என்பது அவர்கள் நியாயம். காளவாசல் பக்கம் ஒரு கடையில் இரண்டு வண்டி பார்த்தோம். ஒன்றில் முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, இன்னொன்றில் ஸ்பிராக்கெட் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தன. இவை கண்ணுக்குத் தெரிகிற குறைகள். தெரியாதவைதான் எனக்குக் கவலை. வண்டி உதறினால், தன் கை பழகாததாலா கிளட்ச் தட்டு தேய்ந்ததாலா என்று புதிதாக ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு பயந்துவிடுவாள். நம்பிக்கையான மெக்கானிக் கூட இருந்தால் பழசு வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கொட்டேஷன் வந்தது. ஷோரூம் விலைக்குக் கீழே வரி, பதிவு, இன்சூரன்ஸ். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். இவற்றில் பேரம் கிடையாது. அதற்கும் கீழே ‘ஆக்சஸரீஸ்’ என்று மொத்தமாக ஒரு தொகை. பிரித்து எழுதித் தரச் சொன்னோம். பின்னால் உட்காருகிறவருக்கான கைப்பிடியும், துணி சக்கரத்தில் சிக்காமல் காக்கும் சேலை கார்டும் வண்டியோடு இருக்க வேண்டுமென்று மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது என்றதும் தொகை கொஞ்சம் இறங்கியது.

மிச்சமான பணத்தில் ஹெல்மெட். ஐஎஸ் 4151 முத்திரை உள்ள, முகம் முழுக்க மூடுகிறது. புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு, போட்டுத் தலையை ஆட்டிப் பார்த்து எடுத்தோம். கன்னத்தில் இறுக்கமாக இருந்தால் சரியான அளவு. கையுறையும் ஒரு ஜோடி.

அட்வான்ஸ் கட்டிவிட்டு, வண்டி வந்ததும் சேஸிஸ் எண்ணில் தயாரான மாதத்தையும், டயரின் பக்கவாட்டில் வாரமும் வருடமும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்த பிறகுதான் பதிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஷோரூம் பையனிடம் சொன்னோம். பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். டெலிவரி எடுத்த முதல் ஞாயிறு காலை ஒரு மைதானத்துக்குப் போகிறோம். இருபதில் ஓட்டி நிறுத்துவது, பிறகு முப்பது, பிறகு நாற்பது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது அவள் கைக்கும் காலுக்கும் படிகிற வரைக்கும் பைபாஸ் ரோட்டுக்கு அந்த வண்டி வராது என்று அவளும் நானும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.