பயந்த நாயா, நோய்ப்பட்ட நாயா?

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தாம்பரத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். பட்டாசுக் குப்பைக்கு நடுவே ஏதாவது ஒரு காருக்கு அடியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். கூப்பிட்டால் வராது. பிஸ்கட் போட்டால் மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். "பாவம், வெடிச் சத்தத்துக்குப் பயந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையாக இல்லாத அந்த ஒரு தடவைதான் சிக்கலே!

சேலையூர் பக்கம் ஒரு வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டியாகத் தெருவில் கிடந்ததை எடுத்து வந்து வளர்த்தது. ரொம்பப் பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடும். விமானப்படைத் தளத்து விமானம் தாழப் பறந்தால் நடுங்கும். சிலிண்டர் போடுகிறவர் வந்தால் பாத்ரூமில் ஒளிந்துகொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம்.

தீபாவளி முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. மணி இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. வைத்த சோற்றில் பாதி அப்படியே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் தலையைத் தடவப் போனால் 'உர்ர்' என்கிறது. "அது எப்பவுமே பயந்தாங்கொள்ளிதானேம்மா, சரியாயிடும்" என்கிறார் அப்பா. பாட்டி மட்டும், "இல்லடா, அதோட முழியே சரியில்ல" என்கிறார்.

இந்த இடத்தில் பாட்டி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். துறுதுறுவென்று ஓடும் நாய் ஒரு நாள் படுத்துவிட்டால் வீடே பதறும். பயந்த நாய் படுத்தால் யாரும் பதறுவதில்லை. 'அதோட குணமே அப்படி' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் நோய் சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. நடுக்கம், மூச்சிரைப்பு, ஒதுங்குதல், சாப்பிடாமை, உறுமல்... பயத்துக்கும் இதுதான் அடையாளம், வலிக்கும் காய்ச்சலுக்கும் இதேதான் அடையாளம்.

அதற்காகப் பயத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரத்தில் பெரிய வெள்ளம். மணியடித்தால் எச்சில் ஊறும் நாய்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த பாவ்லோவின் ஆராய்ச்சி நாய்கள் கூண்டுக்குள் கிட்டத்தட்ட மூழ்கும் நிலையில் காப்பாற்றப்பட்டன. அதற்குப் பிறகு சில நாய்கள், முக்கியமாக இயல்பிலேயே பயந்த நாய்கள், கற்றதையெல்லாம் மறந்துவிட்டன. கொஞ்சம் தேறி வந்த ஒரு நாயின் அறைக்குள் கதவுக்கு அடியில் சிறிது தண்ணீர் கசிய விட்டார்கள். அவ்வளவுதான், பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்தத் தண்ணீரில் தப்பித்த ஒரு நாய் இன்றைக்கும் மழைக்கு நடுங்கினால் அது நடிப்பில்லை.

சரி, இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மற்ற நாயோடு ஒப்பிடாமல், அந்த நாயின் நேற்றோடு ஒப்பிடுவதுதான் வழி. பயத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். காரணம் போனால் பயமும் மெல்லக் குறையும். தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வாலைக் காலுக்கிடையில் செருகுவது எல்லாம் மனஅழுத்தத்தின் அடையாளங்கள். சத்தம் ஓய்ந்து, வீடு அமைதியாகி, பிடித்த சாப்பாடு வைத்தும் ஒரு நாளுக்கு மேல் மாற்றம் இல்லை என்றால் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும். புதிதாக ஒரு பயம் வந்தாலும் அப்படித்தான். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களைப் பார்த்தார்கள். அதில் 10 நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது. அந்த நாய்களுக்குச் சத்த பயம் ஆரம்பித்ததே மற்றவற்றைவிடச் சுமார் நான்கு வருடம் தாமதமாகத்தான். திடுக்கிட்டுத் துள்ளும்போது வலிக்கிறது, அந்த வலி சத்தத்தோடு சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

சென்னைப் பக்கம் முதலில் நினைவுக்கு வர வேண்டியது உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பியிருக்குமே, அதேதான். அது கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியால் வருவதைத்தான் டாக்டர்கள் 'டிக் ஃபீவர்' என்கிறார்கள். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை வரும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். முற்றினால் ஈறு வெளுக்கும், வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், மூக்கில் ரத்தம் வரும். சீக்கிரம் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். 'பயந்திருக்கு' என்று இரண்டு வாரம் விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தலையைத் தொட்டால் உறுமுகிறதா? காதுக்குள் சீழ் இருக்கலாம். வீட்டுக்குள் மூத்திரம் போகிறதா? அடிக்கும் முன் யோசியுங்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

இன்னொன்று, ரொம்ப முக்கியமானது. தடுப்பூசி போடாத நாயின் குணம் திடீரென்று மாறினால் வெறிநோயை, அதாவது ரேபிஸை நினைக்க வேண்டும். எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் இருட்டு மூலையில் ஒடுங்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் தொடாமல் தனியாக அடைத்துவிட்டு உடனே கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். நோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

தடுப்பூசி போட்ட, பழகிய நாய் என்றால் வீட்டிலேயே சிலதைப் பார்க்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்குள் இருக்க வேண்டும். ஆனால் நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், விஷமாகிவிடும். பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே முடியாவிட்டால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. என்று முதல், என்ன மாற்றம், என்ன சாப்பிட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நாய்க்குப் பதிலாகப் பேச வேண்டியது நீங்கள்தானே!

மணிக்கு வருவோம். பாட்டி சொன்னதைக் கேட்டு, பையன் டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் குனிகிறான். காதுக்குப் பின்னால் இரண்டு உண்ணி. ஈறு வெளுத்திருக்கிறது. அப்பா மறுபேச்சில்லாமல் ஆட்டோ கூப்பிடப் போகிறார். எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி இருக்க மாட்டார். அதனால் இன்றைக்கு ராத்திரி உங்கள் நாய் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், மாறும்போது தெரியும்.