ஆயாவின் கையும் எங்கள் மகனின் சோப்பும்

எங்கள் மகனுக்கு ஐந்து வயது. அவனுடைய அம்மா மருத்துவர். கொல்லிமலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் தடவை ஏறியபோது பாதி வழியிலேயே வாந்தி எடுத்தவன், இப்போது ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வருகிறான். எண்ணிக்கை தப்பினால் பேருந்தில் இருக்கும் மற்றவர்கள் திருத்துகிறார்கள்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்ததும் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது. கொரோனா காலத்தில் பழகியது, அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கை கழுவுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கழுவி முடித்ததும் இரண்டு கைகளையும் முகர்ந்து பார்ப்பான். சோப்பு வாசனை இருந்தால்தான் மடி. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். எங்கள் பிள்ளை எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்கிற பெருமையும் அதில் இருந்தது. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது சென்ற ஆடியில். வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேடு முழுக்கக் கூட்டம். மருத்துவமனைக்கு அடிக்கடி வரும் ஆயா ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பலாப்பழம் கொண்டுவந்தார். இளம் வயதில் அவருக்குத் தொழுநோய் வந்து, மாத்திரையில் குணமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நோய் போய்விட்டது, கையில் உணர்ச்சி திரும்பவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் உள்நோக்கி மடங்கியவை. அடுப்பில் சுட்டுக்கொள்வார், தெரியாது. புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் வருவார். கட்டுப் போடும்போது எங்கள் மகன் சில நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

அன்று பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "வாடா கண்ணு" என்று அந்தக் கையாலேயே அவன் கன்னத்தைத் தடவினார். அவன் அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனான். சோப்பை எடுத்தான். முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

ஆயா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. "பழம் நாளைக்குப் பழுத்துரும், டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் இரு குடும்பங்களும் சேரியிலிருந்து வந்தவை. டீக்கடையில் தனிக் குவளையில் குடித்த தாத்தாவும், குடிக்கத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து ஊற்றக் குனிந்து கையேந்திய பாட்டியும் எங்களுக்கு உண்டு. கையில் காசை வாங்காமல் தரையில் வைக்கச் சொன்ன கடைக்காரரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாராவது தொட்டால் கழுவுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எங்கள் வீட்டிலேயே, எங்கள் பிள்ளைக்கு, சுகாதாரம் என்ற பெயரில் நாங்களே கற்றுத் தந்திருக்கிறோமா?

ஆயாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இது அரைக் கதையாகிவிடும். இந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழியினர் தாங்கள் என்று அவர்களுக்குள் ஒரு பழங்கதை உண்டு. பட்டியலில் பழங்குடி, கதையில் வேளாளர். நாங்கள் வந்த புதிதில் இந்த ஆயா எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. "இப்பத்தான் குடிச்சேன் தாயி" என்று மூன்று தடவை சொன்னார். வெயிலில் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்தவர். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நோய் வந்த காலத்தில் சொந்த வீட்டிலேயே தட்டும் பாயும் தனியாக வைக்கப்பட்டவர் அவர். தன்னை ஒதுக்கியபோது எவ்வளவு வலித்ததென்று ஒரு நாள் கட்டுப் போடும்போது அவரே சொன்னார். ஆனாலும் எங்கள் வீட்டுச் செம்பைத் தொட அவருக்கு ஒரு வருடம் ஆனது. இரண்டாம் வருடம் கோடையில், கேட்காமலே அடுக்களைப் பக்கம் வந்து மொண்டு குடித்தார். அதை நாங்கள் இருவரும் பெரிய வெற்றியாகப் பேசிக்கொண்டோம். அந்த ஆயாவின் முன்னால்தான் எங்கள் மகன் முகம் கழுவினான்.

இந்த மலையில் மருத்துவம் பார்த்த இன்னொரு அப்பாவும் மகனும் எங்களுக்கு அடிக்கடி நினைவுக்கு வருவார்கள். 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி கொல்லிமலை வாழவந்தியில் குடியேறினார்கள். அப்போது தார்ச்சாலை கிடையாது, நடை அல்லது டோலி. ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவரல்ல. மிஷனரிகளுக்கான குறுகிய காலப் பயிற்சிதான். ஆனால் மலைக்கு வேறு மருத்துவர் இல்லாததால் அவரே மருத்துவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார். நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். அவருடைய மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்தவர், மலைப் பிள்ளைகளோடு மரமேறி, தமிழ் பேசி வளர்ந்தார்.

மிஷனரிகளைக் கொண்டாட இதை எழுதவில்லை. அந்தக் காலத்து மிஷனரி எழுத்தில் மலைமக்களின் சாமிகளெல்லாம் இருள்தான். அந்தப் பார்வையோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எங்களைத் தொந்தரவு செய்வது பால் பிராண்ட் பிற்பாடு சொன்ன ஒரு சிறுவயது நினைவு.

ஒரு நாள் மூன்று பேர் மேடேறி அவர்கள் வீட்டை நோக்கி வந்தார்கள். தொழுநோயாளிகள். எல்லா நோயாளிகளையும் வெறுங்கையால் தொடும் அப்பா, அன்று குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டார். புண்ணைக் கழுவி, மருந்து தடவி, கட்டினார். அம்மா ஒரு கூடையில் பழம் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுப் போனார்கள். சிறுவன் கூடையை எடுக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் போகக் கூடாது. அப்பா கூடையை எரித்தார், சுடுதண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவினார். யாரையும் தொடாத குழந்தைகளையும் குளிப்பாட்டினார்கள்.

அன்றைக்கு அந்த நோய்க்கு நல்ல மருந்து இல்லை. பயந்ததில் நியாயம் உண்டு. அப்பா அவர்களை விரட்டவில்லை, கட்டுப் போட்டார். ஆனால் மகனுக்குப் பதிந்தது கட்டல்ல, எரிந்த கூடை. பெரியவனானதும் அவர் மருத்துவம் வேண்டாமென்றார். சீழும் ரத்தமும் பார்த்துப் பார்த்து அருவருப்பு. கட்டட வேலை கற்றார். மருத்துவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்பா அவருக்குக் கற்றுத்தந்தவற்றில் இதற்கு நேர்மாறானவையும் உண்டு. பூச்சி, பறவை, கறையான் புற்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லித்தந்தவர் ஜெஸ்ஸி. இன்னொரு ஆசிரியர், வாய்க்கால் பார்த்துக்கொண்ட ஒரு மலைத் தாத்தா. படிக்கட்டு வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்கியபோது, அந்தத் தாத்தா அடிக்கவில்லை. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது எத்தனை குடும்பத்துக்கு எத்தனை காலம் சோறு போடும், ஓடையில் போனால் மேலே திரும்பி வருமா என்று கேட்டாராம். உலகம் சுற்றிய ஒரு அறுவை மருத்துவர் எழுபது வயதில் மண்ணைப் பற்றி எழுதியபோது தொடங்கியது அந்தத் தாத்தாவிடமிருந்துதான். எங்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

1923இல், ஒன்பது வயதில், பாலைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். அதன் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. கடிதங்கள் மட்டும். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கடிதங்கள் கப்பலில் போயின. அதனால் இறந்துபோன அப்பாவிடமிருந்து மகனுக்குப் பல வாரங்கள் கடிதம் வந்துகொண்டே இருந்தது. எங்கள் மகனையும் இன்னும் சில ஆண்டுகளில் கீழே எங்காவது விடுதியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்களில் ஒருவர் எழுந்து போய்விடுகிறோம்.

அதே 1929ஆம் ஆண்டைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். இளம் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பெற்ற சில நாளில் உடம்பு சரியில்லாமல் போகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, கட்டணமும் கட்டி, சேரிக்கு வெளியே நின்று பார்க்கச் சம்மதம் வாங்குகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வரிசையில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார்.

எங்கள் வீட்டு மருத்துவர் முதலாமாண்டில் இதைப் படித்துவிட்டு, தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பல நாள் நினைத்துக்கொண்டதாகச் சொல்வார். ஒரு கண்ணாடிக் குழாய் நான்கு கை மாறியது நோய்க்குப் பயந்து அல்ல. ஜெஸ்ஸியின் கையுறை நோய்க்குப் பயந்துதான். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெரியவர்கள் யாரைத் தொட்டபின் கழுவுகிறார்கள், யாரைத் தொட்டபின் கழுவுவதில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்களைக் கேட்டால், நாங்கள் தலைமை மருத்துவரோடு கைகுலுக்கிவிட்டு வந்த நாளிலும் கழுவியிருக்கிறோம். ஆனால் அவன் நேரில் பார்த்தது ஆயாவின் புண்ணைக் கட்டிவிட்டுக் கழுவியதை.

பால் பிராண்ட் 1946இல் வேலூருக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் கையை நீட்டினார். அந்தக் கை அவர் கையை நசுக்கிவிடுவதுபோலப் பிடித்தது. அந்த மனிதருக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. செத்த கை என்று எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா என்ற கேள்வியிலிருந்துதான் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை வந்தது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டு, புண்ணாகித்தான் விரல் போகிறது என்று அவர் காட்டினார். வேலூரில் அவருடைய நோயாளிகள் சிலருக்கு இரவில் விரல் குறைந்தது. விழித்திருந்து பார்த்தால் எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்கியவருக்குத் தெரியவில்லை. மருந்தோடு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

எரித்த கூடையைப் பார்த்த சிறுவன்தான் பின்னாளில் அந்தக் கைகளைப் பிடித்தவர். ஆனால் இடையில் இருபது வருடத்துக்கு மேல் போனது. எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மறுநாள் மகனிடம் பேசினோம். சரியாகப் பேசினோமா தெரியாது. ஆயாவுக்கு இப்போது நோய் இல்லை, அவர் தொட்டால் ஒன்றும் வராது என்றோம். "அப்ப அம்மா ஏன் கழுவினாங்க?" என்றான். புண்ணில் கிருமி போகாமலிருக்க, கட்டுவதற்கு முன்னாலும் கழுவுவோம், ஆயாவுக்காகத்தான் கழுவுவது என்றோம். அதை அவன் நம்பியதாகத் தெரியவில்லை. ஆயாவின் கைக்குச் சூடு தெரியாது என்பதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. நெருப்பே சுடாதா, ஐஸ் குளிராதா, எறும்பு கடித்தால்கூடத் தெரியாதா என்று சாயங்காலம் வரை கேள்விகள்.

அந்த ஞாயிறு ஆயா வீட்டுக்குப் போனோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய தோட்டத்தைத் தாண்டி உள்ளே. மன்னிப்புக் கேட்கும் நோக்கத்தோடு போய், என்ன சொல்வதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆயாவும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. பேச்சு வாக்கில் அவர் வெறுங்கையால் சட்டியை இறக்கப் போனார்.

"ஆயா, சுடும்!" என்று கத்திக்கொண்டு ஓடினான் எங்கள் மகன். கொடியில் கிடந்த துண்டை இழுத்துக்கொண்டு வந்து நீட்டினான். ஆயா துணியால் பிடித்து இறக்கினார். அவன் விடவில்லை. "கையைக் காட்டு" என்று இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மடங்கிய விரல்களின் இடுக்கு உட்பட. "ஒண்ணும் இல்ல" என்று எங்களிடம் அறிக்கை கொடுத்தான்.

இப்போது ஆயா மருத்துவமனைக்கு வரும் நாளில் எங்களுக்கு முன்னால் அவன் பார்க்க வேண்டும். அவரும் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். "பெரிய டாக்டரு பாத்தாச்சு, இனி நீங்க பாருங்க" என்கிறார். போன வாரம் பார்த்து முடித்ததும் மடியிலிருந்து கடைசிப் பருவத்துப் பலாச்சுளை இரண்டு எடுத்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே தின்றான். அப்புறம் குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். பலாப்பிசுக்குக்காகத்தான் கழுவினான் என்று நினைக்கிறோம்.