மறுபடியும் சிங்கார வேலனா?

ஒரே பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவேன். யார் எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள்? என்னுடையதும் உத்தேசக் கணக்குதான். சொந்தமாக டேப் ரிக்கார்டர் வாங்கியது 1979-ல். வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலே இத்தனை வருஷத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். 'சிங்கார வேலனே தேவா' பாட்டைத்தான் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவையோடு நான் நின்றதில்லை என்பதற்கு வீட்டில் சாட்சி இருக்கிறாள்.

படம் 'கொஞ்சும் சலங்கை', 1962. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம். பாடியவர் எஸ். ஜானகி. நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். திரையில் சாவித்திரி பாட, ஜெமினி கணேசன் வாசிப்பார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் படத்தில் யார் நடித்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அது 'காருகுறிச்சியார் பாட்டு'. சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் ரயில் நிற்கும் சின்ன ஊர் காருகுறிச்சி. அந்த ஊர்ப் பெயரை ஒரு மனிதரின் பெயராகவே தமிழ்நாடு முழுக்கச் சொல்ல வைத்தவர் அவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1921-ல் பிறந்து 1964-ல் போய்விட்டார். படம் வந்து இரண்டே வருஷம்.

பிடித்த பாட்டு என்று என்னிடம் நூறு இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டும் தேயாத பாட்டு பத்துகூடத் தேறாது. ஒரு வித்தையை நம்பி நிற்கிற பாட்டு சீக்கிரம் கெட்டுப்போகிறது. நடுவில் திடீரென்று ஒரு சிரிப்பு, ஒரு விசில், யாரும் எதிர்பார்க்காத ஒரு வாத்தியம். முதல் தடவை 'அட!' என்போம். பத்தாவது தடவை அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடும். பழைய ஜோக்கை மறுபடி சொல்கிறவரிடம் மாட்டிக்கொண்ட மாதிரிதான். துக்கப் பாட்டுகள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நமக்கே துக்கம் வரும்போது அவற்றைக் கேட்க முடிவதில்லை, அது வேறு விஷயம்.

சரி, சிங்கார வேலனும் வித்தை காட்டுகிற பாட்டுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரலும் நாதஸ்வரமும் ஸ்வரத்தில் ஒன்றை ஒன்று துரத்துகிற அந்தப் பகுதிக்குத்தான் ஊரே கைதட்டியது. நானும் முதல் சில வருஷங்கள் அந்தத் துரத்தலுக்காகத்தான் கேட்டேன். அதன்பிறகு கவனம் வேறு வேறு இடத்துக்குப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் ஜானகியை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் கேட்பேன். இன்னொரு நாள் ஜானகியை மட்டும். நாதஸ்வரம் வாசிக்காமல் காத்திருக்கிற இடங்கள் உண்டு. குரல் முடியும் வரை பொறுத்திருந்து, முடித்த இடத்தைத் தொட்டு எடுப்பார். சண்டைச் சேவல் போல மேலே விழுவதில்லை. அந்தப் பொறுமைக்காக மட்டுமே ஒரு ஆறு மாசம் கேட்டிருப்பேன்.

நாதஸ்வரம் என்பது கோயில் வீதியில் திறந்த வெளியில் வாசிக்கிற வாத்தியம். நாலு மாட வீதிக்கும் கேட்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண்குரல் பாடினால் என்ன ஆகும்? மைக் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பாட்டே சாத்தியமில்லை. ஒலிப்பதிவு அறைதான் இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்தது. வாசிப்பதற்கு ஏழு துளைகள்; கீழே இருக்கிற ஐந்தும் மெழுகு வைத்து அடைத்துச் சுருதியைச் சரிசெய்ய. வாயில் வைக்கிற சீவாளி தட்டையால் செய்தது. ஸ்வரத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க ஆர்மோனியக் கட்டை மாதிரி அதில் ஒன்றும் கிடையாது. விரலைப் பாதி மூடி, மூச்சைக் கூட்டிக் குறைத்து, சீவாளியை உதட்டால் அழுத்தித்தான் கமகம் வரவேண்டும். ஆபேரி ராகத்துக்கு அந்த அசைவுதான் உயிர். ஏறும்போது ஐந்து ஸ்வரம், இறங்கும்போது ஏழு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ஆபேரி தெரிந்துவிட்டது என்பது, ரயில்வே டைம் டேபிளைப் படித்துவிட்டு ஊரைப் பார்த்துவிட்டேன் என்பது போல.

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் டெலிபோன் இலாகாவில் இருந்தவன். அதிலும் பல வருஷம் கேரியர் ரூமில். ஒரே ஜோடிக் கம்பியில், பிறகு கேபிளில், ஒரே சமயத்தில் பல பேரை எப்படிப் பேச வைப்பது என்பதுதான் அங்கே வேலை. ஒரு குரலுக்கு 4 கிலோ ஹெர்ட்ஸ் அகலம். அப்படிப் பன்னிரண்டு குரல் சேர்ந்தால் ஒரு குரூப். அந்த நாலிலும் பேச்சு போவது 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்குக் கீழேயும் மேலேயும் வெட்டிவிடுவோம். ஆண்குரலின் அடிப்படைச் சுருதி சாதாரணமாக நூறு, நூற்றைம்பது ஹெர்ட்ஸ்தான். அதாவது அதை நாங்கள் அனுப்புவதே இல்லை! ஆனாலும் மறுமுனையில் இருக்கிற அம்மா, 'என்னடா, தொண்டை கட்டியிருக்கா?' என்று கேட்பாள். அனுப்பாத சுருதியை, வந்து சேர்ந்த மேல் ஒலிகளை வைத்து மூளையே போட்டுக்கொள்கிறது. இலாகா மிச்சம் பிடித்ததை அம்மாவின் மூளை கட்டியது என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். ஆல் இந்தியா ரேடியோவுக்குக் கச்சேரி அஞ்சல் கொடுக்கும்போது மட்டும் இந்தக் கஞ்சத்தனம் கிடையாது. அதற்குப் பேச்சைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் ஒதுக்குவோம். அந்த ராத்திரிகளில் டியூட்டி கிடைத்தால் சந்தோஷம்.

அந்தக் கண்ணோடு யோசித்துப் பார்த்தால், சிங்கார வேலனை நான் வாழ்க்கையில் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. முதலில் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். புளியமரத்தில் கட்டி வைத்த தகரக் குழாய்க்கு என்ன அடிஸ்தாயி வரும்? பிறகு டீக்கடை வால்வு ரேடியோ, இலங்கை வானொலி. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து அலையடிக்கும். அப்புறம் என் டேப் ரிக்கார்டர், தேய்ந்த கேசட். அப்புறம் மகன் வாங்கிக் கொடுத்த சிடி. இப்போது கைபேசி. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத்தான் வந்தது. பாட்டு மட்டும் நிற்கிறது. அதன் சரக்கெல்லாம் ஸ்வரத்திலும் அசைவிலும் இருக்கிறது, சத்தத்தின் பருமனில் இல்லை. இப்போது வருகிற பல பாட்டுகளைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டால் எலும்புகூட மிஞ்சுவதில்லை. வயசானவன் புலம்பல் என்று தள்ளிவிடாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டு வேறு இடத்தில் விழுந்தது, என் காதிலேயே.

டிவி சத்தத்தை ஏன் இவ்வளவு வைக்கிறீர்கள் என்று ஆரம்பித்த விஷயம் அது. கடைசியில் செவித்திறன் பரிசோதனைக்குப் போனேன். சத்தம் புகாத ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இந்த டெஸ்ட் எனக்குப் புதுசா? முப்பது வருஷம் லைனுக்கு நான் செய்ததை எனக்கே செய்கிறார்கள், அவ்வளவுதான். வெளியே வந்து கிராஃபைப் பார்த்தேன். 1,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவாயில்லை. 2,000-த்தில் சரிவு. 4,000-த்தில் 65 டெசிபல் கொடுத்தால்தான் கேட்கிறது. லைன் என்றால் அப்போதே 'ஃபால்ட்டி' என்று எழுதி ஜோடியை மாற்றிவிடுவேன். காதுக்கு மாற்று ஜோடி கிடையாது. உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது. அதன் வாசல் பக்கத்தில் இருக்கிற மயிரணுக்கள் கீச்சு ஒலிகளுக்கு, உள்சுற்றில் இருப்பவை கனத்த ஒலிகளுக்கு. வயசாகும்போது வாசல் பக்கம் இருப்பவைதான் முதலில் போகுமாம். போனது முளைக்காது.

பரிசோதனை செய்த பெண்ணுக்கு என் பேத்தியை விடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். அழகாகச் சொன்னாள்: "சார், உங்களுக்கு உயிரெழுத்து கேக்குது. மெய்யெழுத்துதான் சரியா கேக்கலை."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அ, ஆ, ஓ எல்லாம் கீழ் அலைவரிசையில் பலமாக வரும். ச, த, க, ஸ என்கிற உரசலும் வெடிப்பும் மேலே இருப்பவை, அதுவும் பலம் குறைந்தவை. அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. 'பத்து' என்றார்களா, 'கத்து' என்றார்களா?

கருவி மாட்டினார்கள். பேச்சுக்கு நிச்சயம் உதவுகிறது, மறுக்கவில்லை. பேத்தி சொல்வது பாதியாவது விளங்குகிறது. பாட்டுதான் கோளாறு. வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போட்டது எது என்று சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய சத்தத்தை ஏற்று, பலத்த சத்தத்தை இறக்கு என்பது அந்தக் கருவிக்கு உத்தரவு. காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் எழும்பும்போதெல்லாம் அது கையைப் பிடித்து உட்கார வைத்தது. மாலியின் புல்லாங்குழல் அதற்கு மேல். நீண்ட கார்வை ஒன்று வந்தால், அது தன்னுடைய விசில் சத்தம்தான் என்று கருவி நினைத்துக்கொண்டு அதை அழிக்கப் பார்க்கிறது. நிற்க வேண்டிய ஸ்வரம் தண்ணீரில் விழுந்த நிலா மாதிரி நடுங்கியது. மறுபடி போய்ச் சொன்னபோது அந்தப் பெண் இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் வைத்துக் கொடுத்தாள். விசில் அடக்குவதையும் இரைச்சல் குறைப்பதையும் அதில் நிறுத்திவைத்துவிடுவார்கள். இப்போது தேவலை.

அப்போது கவனித்த ஒன்றுதான் என்னைக் கொஞ்சம் கலக்கியது. பேத்தி அனுப்புகிற புதுப் பாட்டுகளைக் கருவியோடு, நல்ல ஸ்பீக்கரில் கேட்டாலும் எனக்குப் புகைமூட்டமாகத்தான் இருக்கின்றன. எத்தனை தடவை கேட்டாலும் வார்த்தை பிடிபடுவதில்லை. ராகம் இருக்கும்போல, கைக்கு வருவதில்லை. அவளிடம் 'நல்லா இருக்கும்மா' என்கிறேன். பழைய பாட்டுகளோ அப்படியே இருக்கின்றன. ஜானகியின் ஒவ்வொரு மெய்யெழுத்தும் பளிச்சென்று கேட்கிறது. 4,000 ஹெர்ட்ஸில் ஒன்றும் இல்லாத காதுக்கு எப்படிக் கேட்கும்? அந்தக் காலத்து அம்மாவின் மூளை செய்த வேலையை இப்போது என் மூளை செய்கிறது. இரண்டாயிரம் தடவை கேட்டது வீண்போகவில்லை என்று சந்தோஷப்படுவதா? இல்லை, நான் கேட்பது பாட்டே இல்லை, பாட்டின் ஞாபகம்தான் என்று எடுத்துக்கொள்வதா? இனிமேல் புதிதாக ஒரு பாட்டு எனக்குள் இந்த அளவு இறங்க வழியில்லை என்பது மட்டும் நிச்சயம். பெட்டியில் இருப்பதை வைத்துத்தான் மிச்சக் காலம் ஓட வேண்டும்.

போன மாசம் ஒரு மத்தியானம். ஈசிசேரில் சாய்ந்து அதே பாட்டு. ஸ்வரப் பகுதி முடிந்து கண்ணைத் திறந்தால் அவள் எதிரில் நிற்கிறாள், கையில் என் கருவிகளின் பேட்டரி டப்பா.

"மூணு தடவை கூப்பிட்டேன். ரெண்டு காதிலும் பேட்டரி போச்சா?"

கழற்றிப் பார்த்தேன். இரண்டுமே போயிருந்தன. எப்போது என்று தெரியாது. பாட்டு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டிருந்தேன்.

"பாட்டு மட்டும் எப்படிங்க கேட்டுச்சு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குச் சங்கடமாக இருந்தது.

புது பேட்டரியின் ஒட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டே விளக்கினேன். பாட்டு எனக்கு முன்பே தெரியும், அதனால் விட்டுப்போனதை மூளை நிரப்பிவிடுகிறது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று முன்கூட்டித் தெரியாதே, அதை எப்படி நிரப்புவது?

"நாப்பத்திநாலு வருஷமா ஒரே பேச்சைத்தான் பேசிட்டிருக்கேன்" என்றாள். "காபி வேணுமான்னு கேட்டேன்."

அன்றிலிருந்து எனக்குத் தெரியாமல் அவள் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறாள். எதையாவது சொல்வதற்கு முன்னால் 'ஏங்க' என்று இழுத்து, நான் திரும்பிப் பார்க்கும் வரை நிறுத்துகிறாள். பிறகுதான் மற்றது. அந்த 'ஏ' கீழ் அலைவரிசையில் இருக்கிற நெடில். கருவி இல்லாமலே கேட்கிறது.